வெயிலில் உருவிய ஃபிலிம்

மகனே,

1. மார்ச் 3: உன் அம்மாவின் கேமராவை என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் இணையத்தில் விற்பனைக்குப் போட்டாய்.

2. அதே நாள்: "அப்பாவே சர்வீஸ் செய்தது" என்று என் பெயரையும் சேர்த்து விற்றாய்.

3. அதே விளம்பரத்தின் கடைசிப் படம்: ஜன்னலோர வெயிலில், பின்மூடி திறந்த கேமராவும் அதிலிருந்து முழுதாக உருவிய ஃபிலிமும். கீழே, "ஃபிலிம் இலவசம்."

4. மார்ச் 9: தொலைபேசியில் கேட்டதற்கு, "பழைய டப்பாப்பா அது! இப்ப என்ன, குடியா முழுகிப்போச்சு?" என்றாய்.

பழைய கேமராக்களுக்காக அந்தத் தளத்தை நான் தினமும் மேய்வது உனக்குத் தெரியும். அந்தக் கேமராவை வாங்கியவன் நானே. மூடியைத் திறக்குமுன் ஃபிலிம் சுருட்டும் பிடியைச் சற்றுத் திருப்பிப் பார்ப்பார்கள். இறுகினால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது. நீ அதைக்கூடச் செய்யவில்லை.

வெளிச்சம் பட்ட ஃபிலிமில் படம் மிஞ்சாது; பயனில்லை என்று தெரிந்தே கழுவினேன். முனைக்கு முனை கறுப்பு.

மருத்துவமனைக்குப் போகுமுன் உன் வீட்டில் தங்கியிருந்தபோது உன் அம்மா எடுத்த படங்கள் அவை. என்ன எடுத்தாய் என்று அவளிடம் கேட்டேன். "ரோல் முடியட்டும், நீங்களே கழுவிப் பாருங்க. இப்பவே சொல்லிட்டா அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?" என்று சிரித்தாள். அவள் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை; கேமரா உன் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

அவள் அருகில் நீ இருந்தாய். எதை எடுத்தாள், யாரை நிற்கவைத்தாள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு படமாக எழுது. தொலைபேசி வேண்டாம். மார்ச் 31க்குள் உன் கையெழுத்தில் வந்துசேர வேண்டும்.

எதுவும் நினைவில்லை என்றால், அதையும் எழுத்தில் தெரிவி.

உன் அப்பா