அம்மா போடச் சொன்ன பூஜ்யங்கள்

அன்புள்ள அம்மா,

நீங்கள் தூங்கிய பிறகு ஒளிந்து எழுதுகிறேன். திட்டாதீர்கள்.

உங்களைப் போன்ற குடும்ப மருத்துவர்களில் எத்தனை பேர் வேலையால் ஓய்ந்துபோயிருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு படிவம் வந்ததல்லவா? சாப்பிட்டுக்கொண்டே என்னை நிரப்பச் சொன்னீர்கள். "பூஜ்யம்னா ஒருநாளும் இல்ல, ஆறுன்னா தினமும். எல்லாத்துக்கும் பூஜ்யமே போடு சாமி." இருபத்திரண்டு கேள்விக்கும் பென்சிலால் போட்டேன். காலையில் வாங்கிப்போக ஆள் வருகிறார்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குத் தோசை கொண்டுவந்தேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்து, "எத்தன நாளாங்க காய்ச்சல்?" என்று கேட்டீர்கள். நோயாளியைக் கேட்பதுபோல் விளையாடுகிறீர்கள் என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் பூஜ்யங்களை அழித்துவிட்டேன். காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆறு போட்டேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகத் தோன்றுகிறதா என்பதைக் காலியாக வைத்திருக்கிறேன். அது எனக்குத் தெரியவில்லை. பெயர் எழுத வேண்டாம் என்று மேலேயே போட்டிருக்கிறார்கள் அம்மா, நீங்கள்தான் என்று யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு பூஜ்யத்தை அழிக்கவில்லை. நோயாளிகளுக்கு என்ன ஆனாலும் கவலையில்லாமல் போய்விட்டதா என்று கேட்டிருந்தார்கள். நேற்றுகூட எச்சில் கையோடு குப்பாயி அக்காவுக்கு போன் செய்து, "சர்க்கர எறங்குச்சுங்களா?" என்று கேட்டீர்களே.

கடிதத்தைப் படிவத்துக்குள் வைக்கிறேன். ரப்பர் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. மறுபடி பூஜ்யம் போடுவதானால் முதலில் என்னை எழுப்புங்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்னை ஒருமுறை பாருங்கள்.

எனக்குக் காய்ச்சல் இல்லை அம்மா.

உங்கள் மகள்