நாலு விரல் மூடி

நவம்பர் 1, திங்கள்

விடியலிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. அத்தை படுக்கிற அறையில், சுவர் மூலையில் விரிசல். போன வாரம் நூல் மாதிரி இருந்தது. இன்று எட்டணாக் காசு நுழைகிறது.

கொத்தனார் ஏகாம்பரம் அண்ணன் வந்தார். விரிசலின் குறுக்கே காலண்டர் தாளை ஒட்டினார். “தாளு கிழிஞ்சா சொவுரு நவுருதுன்னு அர்த்தம். பெரீம்மாவ இங்க படுக்க வுடாத தங்கச்சி.”

அத்தை நகர மாட்டாராம். பிடிவாதம்.

நவம்பர் 3, புதன்

தாள் கிழிந்துவிட்டது.

காரணம் வெளியே, அதே சுவரை ஒட்டிய குழி. போன வருஷம் எல்லா வீட்டிலும் மழைநீர் சேமிக்கச் சொன்னபோது என் வீட்டுக்காரர் தோண்டியது. மொட்டைமாடிக் குழாயை அதில் இறக்கினார். முற்றத்து நடுவில் தோண்டியிருக்கலாம். வலை காயப் போட இடம் வேண்டும் என்றார்.

“அம்மாந் தண்ணியும் கடக்காலுக்குக் கீய எறங்கி மண்ண அரிச்சிகினு கீது,” என்றார் அண்ணன். அஸ்திவாரம் நிற்க, மூடியை உடைத்து, குழியைத் தூர்த்து, குழாயைத் தெருப்பக்கம் திருப்ப வேண்டுமாம்.

மூடியில் அவர் கை. ஈர சிமெண்டில் பதித்தது. நாலு விரல்தான், ஒன்றை மீன்பிடி லாஞ்சின் கயிறு எடுத்துக்கொண்டது. மாசியில் கடலுக்குப் போனவர், உடம்புகூடக் கரைக்கு வரவில்லை. இருப்பது இது ஒன்றுதான்.

அத்தை மழையில் மூடிமேல் உட்கார்ந்துகொண்டார். “எம்புள்ள கைமேல கடப்பாறை வப்பியா? வூடு வுயுந்தா வுயட்டும்!”

அழுதேன். அவர்மேல் கோபமும்தான். வலைக்கு இடம் பார்த்த மனுஷன், பெற்றவள் தலைமாட்டுச் சுவரைப் பார்க்கவில்லையே.

நவம்பர் 4, வியாழன்

வாங்க: பைப், எல்போ ஒன்று, சிமெண்ட். மண்ணெண்ணெய். அத்தைக்கு இருமல் மருந்து.

நவம்பர் 5, வெள்ளி

மழை விட்டது. மறுபடி மூடிமேல் போய் உட்கார்ந்த அத்தையிடம் சொல்லிவிட்டேன்: “சொவுரு வுயுந்தா ஊரு இன்னா சொல்லும்? பெத்தவள சாவடிச்ச குழின்னு சொல்லும். அந்தப் பேரு அவருக்கு வேணாம் அத்தே.”

எழுந்து மூடியைவிட்டு விலகினார்.

அண்ணன் மூடியை உடைக்கவில்லை, நெம்பித் தூக்கினார். ஒரு மூலை மட்டும் பெயர்ந்தது. குழியில் செம்மண் போட்டு இடித்து, குழாயைத் திருப்பினார். தண்ணீர் விழுகிற இடத்தில் மண் அரிக்காமல் இருக்க ஒரு கல் கேட்டார். அத்தை மூடியைக் காட்டினார். “இத்தயே போடுப்பா.”

நவம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து கொட்டுகிறது. புதிதாக ஒட்டிய தாள் கிழியவில்லை. குழாய்த் தண்ணீர் நாலு விரல்மேல் விழுந்து தெருவுக்கு ஓடுகிறது.

அத்தை வாசலிலேயே நின்றார். “நனையிறாம்மா.”

உள்ளே கூட்டி வந்து படுக்க வைத்தேன். அதே அறையில்.