சட்டையோடு நீந்தியவன்

தூத்துக்குடி,
14-4-1947

அன்பு மகள் ஜெயசெல்விக்கு அம்மா முத்தத்தோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூவரும் சுகம், மெட்ராசில் நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

துறைமுக லாஞ்சுப் படகு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மிதவையைச் சுற்றி முதலில் நீந்தி வருகிறவனுக்கு வேலை என்று எழுதியிருந்தேனே. கிடைத்தால் தம்பி எஸ்றா வீட்டோடு இருப்பான், இல்லாவிட்டால் கொழும்பில் சித்தப்பா கடைக்குத்தான். உன் அப்பாவோ வேலை கிடைத்த மாதிரியே தெருவெல்லாம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் கடலில் சொறிமீன் குடைகுடையாக மிதக்கிறது. கிறிஸ்துமசுக்கு வந்தபோது உன் காலேஜ் பாடத்தைச் சொன்னாயே, அதை எஸ்றா அப்படியே மற்றப் பையன்களிடம் சொன்னான். சொறிமீன் வேண்டுமென்று கொட்டுவதில்லை, அதில் தொங்குகிற நூலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத விஷ ஊசி, உரசினாலே தெறிக்கும், துணி மறைத்தால் தப்பலாம் என்றான். ஒருவரும் கேட்கவில்லை. இவன் மட்டும் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையுமாக இறங்கினான். கரையெல்லாம் சிரிப்பு, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நனைந்த சட்டை இழுக்க இவன் கடைசி. பாதி வழியில் தனராஜ் என்கிற பையன் நெஞ்சில் நூல் சுற்றிக் கையைக் காலை அடிக்கிறான். எஸ்றா போட்டியை விட்டு அவனைக் கரைக்கு இழுத்து வந்தான். எல்லோரும் வழக்கம்போல் மணலை அள்ளித் தேய்க்க ஓடிவந்தார்கள். "தேய்க்காதீய, ஒட்டியிருக்க நூல்ல இன்னும் ஊசி கெடக்கு" என்று தடுத்து, நல்ல தண்ணீரும் வேண்டாமென்று கடல் தண்ணீரையே ஊற்றி, குச்சியால் நூலை எடுத்துப்போட்டு டாக்டரிடம் அனுப்பினான். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

வேலை முதலில் வந்த ஜெபசிங்குக்குப் போய்விட்டது, அவன் மேல் குற்றமில்லை, பின்னால் நடந்தது அவனுக்குத் தெரியாது. நேற்று கோவில் வாசலில் யாரோ கேலி செய்ய அப்பா சொன்னார், "எம்மவன் கடைசியாத்தான் வந்தான். ஆனா ஒத்தையா வரல."

வியாழக்கிழமை எஸ்றா கப்பல் ஏறுகிறான். முறுக்குச் சுட்டுக்கொண்டே அழுகிறேன். ஆனாலும் பேர் சொல்ல எனக்கு எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால், உன்னோடு அவனையும் சேர்த்து இரண்டு என்று தலைநிமிர்ந்து சொல்கிறேன்.

கடலில் கால் நனைக்கப் போனால் கரையில் செத்துக் கிடக்கிற சொறிமீனைக்கூடத் தொடாதே, பாடம் படித்தவள் என்ற தைரியம் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
ஜீவமணி ஜேசுபாதம்