ஜாம்பியா ஆல்பம்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஹார்பர் லைன் ரயில் நின்றுவிடும், அக்கா வரமாட்டாள் என்று கொஞ்சம் சந்தோஷமாக இருந்தேன். வாஷியிலிருந்து டாக்ஸி பிடித்து வந்துவிட்டாள். கூடவே மகள் நிவேதா.

அம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள் வருகிறதாம். ஜாம்பியா ஆல்பத்தை ஸ்கேன் பண்ணிப் புத்தகமாகப் போடப்போகிறாளாம். அம்மாவைக் குளிப்பாட்டுவது நான், புத்தகம் போடுவது அவள்.

மத்தியானம் முழுக்க அந்தப் படங்கள்தான். நிவேதா ஒவ்வொன்றாகப் போனிலேயே ஸ்கேன் பண்ணிக்கொண்டாள். அப்பா ஹெல்மெட்டோடு செம்புச் சுரங்க வாசலில். அம்மா கம்பெனி பங்களா முன்னால், பட்டுப்புடவைக்கு மேலே ஸ்வெட்டர். அக்கா சைக்கிளில். அக்கா நீச்சல் குளத்தில். அக்கா, அக்கா. நான் ஒன்றில்கூட இல்லை. எனக்கு மூச்சிரைப்பு, சுரங்கத் தூசி ஒத்துக்காது என்று இங்கே பம்பாயில், மாட்டுங்காவில், அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். தூசியாம்! எந்தப் படத்தைப் பார்த்தாலும் பச்சைப் புல்.

ஜூலை 7

பிளம்பர் இன்றும் வரவில்லை.

அத்தை என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பட்டுப்பாவாடை கட்டி, ஸ்டூடியோவில் நிற்கவைத்துப் படம் எடுத்து ஜாம்பியாவுக்கு அனுப்புவாள். ஹாலில் மாட்டியிருக்கிறோம் என்று அம்மா பதில் எழுதுவாள். அந்த ஹால் ஆல்பத்தில் நிறையப் படங்களில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துச் சுவர் சுவராகத் தேடினேன். செம்புத் தட்டு, மர முகமூடி, காலண்டர். ஃப்ரேம் போட்ட போட்டோ ஒன்றே ஒன்று. அவர்கள் வளர்த்த நாய், டைகர்.

அம்மாவிடம் கேட்டேன்.

"எங்கேயோ மாட்டித்தான் இருந்தது. இப்ப எதுக்குடி அதெல்லாம்? ரசத்திலே உப்பே இல்லே."

உப்பு டப்பாவை முன்னால் வைத்துவிட்டு எழுந்துவந்தேன்.

ஜூலை 9

வாங்க: அம்மா பி.பி. மாத்திரை, பெருங்காயம், பாத்ரூம் பல்பு.

போனில் அக்காவோடு சண்டை. "உனக்கு இன்னும் அந்தப் பொறாமை போகலைடி." போகவில்லைதான். எதற்குப் போகவேண்டும்? நான் இல்லாத புத்தகம் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நிவேதாவிடமிருந்து மெசேஜ். "டென்ஷன் மத் லோ சித்தி. ஏதாவது ஜுகாட் பண்றேன்." கவலைப்படாதே, ஏதாவது குறுக்குவழி பண்ணிச் சரிக்கட்டுகிறேன் என்று அவள் பம்பாய் ஹிந்தியில்.

ஜூலை 13, ஞாயிறு. அம்மா பிறந்தநாள்

வெயில், அதிசயமாக. பாயசம் அடிப்பிடித்தது.

புத்தகம் வந்தது. அட்டையில் பங்களா புல்வெளி. ஆல்பத்தில் இல்லாத படம், அக்காவிடம் இருந்ததாம். அப்பா, அக்கா, பிரம்பு நாற்காலியில் அம்மா. அம்மா பக்கத்தில் நான்! என் ஸ்டூடியோ படத்திலிருந்து எடுத்து நிவேதா கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறாள். ஒட்டினதே தெரியவில்லை. அம்மாவின் கை என் தோளில்.

"கையையும் நீதான் வச்சியா?"

"இல்லே சித்தி, அது ஒரிஜினல். கரெக்டா அங்கே இடம் இருந்தது."

கிழித்துப்போடத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை. சனியன், அழுகை வந்துவிட்டது.

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் இருக்கோமோன்னோ, போறாதா?"

அம்மாவிடம் கொடுத்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். என் முகத்தை விரலால் தடவினாள்.

"இங்கே டைகர் இல்லே உக்காந்துண்டிருந்தான்? அவன் எங்கேடி?"