மடக்காத குடை

அக்கா, இன்று காலை மாத்தளை பஸ் நிலையத்துப் பக்கம் நல்ல மழை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஜீப் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. எனக்கு முன்னால் நின்ற கிழவர் சட்டென்று குடையை மடக்கி, ஓரமாக ஒதுங்கி நனைந்தார். வண்டி யாருடையது என்று அவருக்கே தெரியாது. உங்களைத்தான் நினைத்தேன்.

தோட்டத்தை நடத்துகிற துரையின் வண்டி வந்தால் குடையை மடக்க வேண்டும் என்பது நம் தேயிலைத் தோட்டத்தில் எழுதாத சட்டம். காய்ச்சலோடு கொழுந்தெடுக்கப் போன ஒரு பிள்ளைத்தாய்ச்சி மடக்கவில்லை என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்றைக்குத்தான் நம் லயத்து வீட்டு வரிசைப் பையன், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் எழுந்து, "மழை தொரைக்கும் நமக்கும் ஒண்ணுதாங்க. இனி ஒருத்தரும் மடக்காதீங்க" என்றான். மறுநாளே வேலைநிறுத்தம். மரவள்ளிக்கிழங்கு அவித்து அவனுக்கு முதலில் நீட்டினால், "பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு வாங்கக்கா" என்பான். அது நடிப்பில்லை. அப்போது அவன் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

வென்றோம். சுள்ளென்ற வெயிலில் எல்லாரும் குடையை விரித்துக்கொண்டு துரை பங்களாவுக்கு முன்னால் நடந்தோம். "மகாராணி வர்றா, வழி விடுங்க" என்று என் தோளில் இடித்தீர்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு அவன் தொழிற்சங்கத் தலைவரானான், தேர்தலில் ஜெயித்துப் பிரதேச சபைக்குப் போனான், ஜீப் வந்தது. முதலில் வண்டியை நிறுத்தி நம்மை ஏற்றிக்கொள்வான். கொஞ்ச நாளில் கண்ணாடி ஏறிவிட்டது. ஒரு மழைநாளில் பெண்கள் அவன் வண்டிக்குக் குடையை மடக்கினார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை, மரியாதையாம். நீங்கள் மட்டும் மடக்கவில்லை. டிரைவர் இறங்கி, "தலைவர் வர்றாரு, தெரியலையா?" என்றான். நீங்கள் கண்ணாடிப் பக்கம் போய், "தம்பி, நீங்கதானே மடக்காதீங்கன்னு சொன்னீங்க?" என்று கேட்டீர்கள். அவன் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாதமே வேலைப் பதிவில் உங்கள் பேரை வெட்டி, நீங்கள் குடியிருந்த லயக் காம்பிராவையும் பறித்தார்கள். லக்கலப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போனீர்கள். அங்கேயே கண்ணை மூடினீர்கள். பாவி, மலர்வளையம் அனுப்பியிருந்தான்.

இப்போது என் மகள் ஒரு புதிய சங்கத்துக்காக ஓடியாடித் திரிகிறாள். அதை நடத்துகிற பையன் நல்லவன். எங்களோடு தரையில்தான் உட்காருகிறான். மகள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். போன ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் நடந்தது. எங்கள் கோரிக்கைகளை நிர்வாகத்தோடு தனியாகப் பேசி முடித்துவிட்டதாக அவன் சொன்னான்.

"எங்களைக் கேக்காம ஏன் தம்பி போனீங்க?" என்றேன்.

"அது பெரிய விஷயம்மா. உங்களுக்கு வெளங்காது" என்று சிரித்தான்.

கலைந்து போகும்போது அவன் என் மகளிடம் மெல்ல, "யாரு அந்தம்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"எங்கம்மாதான். நான் சொல்லி வைக்கிறேன், தலைவரே."

வீட்டில் சோறு போட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தாள்.

அக்கா, உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தக் கேட்கிற வாய்தான். வருகிற ஞாயிறும் கேட்பேன். என்னை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவன் என் மகளைத்தான் அனுப்புவான்.