இரண்டாம் டிகாக்ஷன்

பூங்காவனத்தின் அப்பாவுக்கு,

நீங்கள் சேர்த்துக்கொண்டவள் இன்று காலை காலாப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, கையில் காபி பில்டரோடு என் வாசலில் நின்றாள். "அக்கா, டிகாக்ஷன் தண்ணியா எறங்குது. அவரு வாயில வச்சதும் துப்பறாரு. உங்ககிட்ட கத்துக்கிட்டு வரச் சொன்னாரு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்தல்ல, அவளை அனுப்பிய உங்களை நினைத்து.

தெருவே வேடிக்கை பார்த்தது. உள்ளே கூப்பிட்டுவிட்டேன்.

பெரிய மார்க்கெட்டில் எப்போதோ வாங்கிய பொடியாம், வாசனையே போயிருந்தது. அதையும் அமுக்காமல் வெந்நீரை ஊற்றியிருக்கிறாள். என் புதுப்பொடியைப் போட்டு, தட்டால் லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைத்தேன். டிகாக்ஷன் சொட்டி இறங்கியது. பிறகு, "நீ எதைக் குடிப்பே?" என்று கேட்டேன்.

"மொதல் டிகாக்ஷன் அவருக்கு. அதே பொடியில இன்னொரு தரம் தண்ணி ஊத்தி எனக்கு. அப்படித்தான் செய்யணும்னாரு."

என்னிடம் சொன்னதையே அவளிடமும் சொல்லியிருக்கிறீர்கள். சீ, அதில்கூடப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லையா?

முதல் டிகாக்ஷனை நாங்கள் இருவரும் குடித்துவிட்டோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றுதான் அதன் ருசி எனக்குத் தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. இதையா உங்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று அருவருப்பாக இருக்கிறது.

இரண்டாவதை பிளாஸ்கில் ஊற்றி, இந்தக் கடிதத்தோடு அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். துப்பாமல் குடியுங்கள். இத்தனை நாள் நாங்கள் அதைத்தான் குடித்தோம்.

இப்படிக்கு,
பூங்காவனத்தின் அம்மா