திருப்பிச் சொன்னது

கம்பம், பள்ளிவாசல்
7-3-1943

ஜெய்த்தூனுக்கு ஸலாம்.

நான் ஊர்ப்பக்கம் வந்து மூன்று நாளாகிறது. நம் உத்தமபாளையத்தில் பஸ் நின்றதும் கண்டக்டர், "பாளையம் வந்திருச்சு, எறங்குங்க பாய்" என்றான். "பாளையம் வந்திருச்சு" என்று நானும் சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். கம்பத்துக்கு வந்துவிட்டேன். ஆறு மைல்தான்.

கப்பலில் சுக்கான் பிடிக்கிறவனுக்கு இப்படித் திருப்பிச் சொல்வது பழக்கம். துறைமுகத்துக்குள் வழிகாட்ட வரும் பைலட் என்ன சொன்னாலும், அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அப்படியே செய்ய வேண்டும். நாமாக எதுவும் செய்யக்கூடாது.

உன் தம்பியைக் கண் முன்னாலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய். வைத்திருந்தேன். கப்பலின் முனையில் நின்று கயிறு விட்டு ஆழம் பார்ப்பது அவன் வேலை. சுக்கானடியில் நின்றால் நேரே தெரிவான்.

அன்று துறைமுகத்துக்குள் நுழையும் வழியின் இரண்டு பக்கமும் கண்ணிவெடி போட்டிருந்தார்கள். முனையிலிருந்து ஓர் ஆள் கடலில் விழுந்தான். பைலட் "ஸ்டெடி" என்றார். வளைக்காதே, நேரே போ என்று அர்த்தம். நானும் "ஸ்டெடி" என்றேன். கப்பலில் இருநூறு பேர் இருந்தோம். அந்த ஆள் "மச்சான்" என்று கூப்பிட்டது முதலில் இடது பக்கம் கேட்டது. பிறகு பின்பக்கம் கேட்டது.

இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அவனுடைய பெட்டி என்னிடம் இருக்கிறது. உன் அம்மாவுக்கு வாங்கிய சால்வையும் அதில் இருக்கிறது.

வா என்றோ வராதே என்றோ ஒரு வரி எழுது. திருப்பிச் சொல்லிவிட்டு அப்படியே செய்கிறேன்.

உன் வீட்டுக்காரன்